மூன்று டிஸ்க்கும் ஒரு வசனமும்

கஜபதியிடம் பேச ஆரம்பிக்கிறவர்கள் தாங்களாகப் பேசி முடித்ததாகச் சரித்திரம் இல்லை. எதிரில் இருப்பவர் ஒரு சொல்லுக்காகக் கொஞ்சம் தயங்கினால் போதும், அந்தச் சொல்லை இவர் எடுத்துக் கொடுத்துவிடுவார். வங்கியில் அவர் மனைவி அஞ்சலையைப் பார்த்து "உங்க பேரும்மா?" என்று கேட்டால் பதில் இவரிடமிருந்து வரும். டாக்டர் "எங்க வலிக்குது?" என்றால் இவர் கைதான் அவள் முட்டியைத் தொட்டுக் காட்டும். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அஞ்சலை டாக்டரிடமே கேட்டுவிட்டாள்: "வலி எனக்கு, வாய் இவருக்கு. மாத்திரைய யாருக்கு எய்திக் குடுப்பீங்க?"

நான் சாமுண்டீஸ்வரி. ஆவடி ஃபேக்டரி குவார்ட்டர்ஸில் அவர்களுக்குப் பின்வீடு. என் வீட்டுக்காரரும் கஜபதியும் ஒரே ஷிஃப்ட். ரிடையர் ஆனதும் இரண்டு குடும்பமும் வெள்ளானூரில் அடுத்தடுத்த தெருவில் வீடு கட்டிக்கொண்டோம். இத்தனை காலம் பக்கத்திலேயே இருந்து பார்த்த உரிமையில் எழுதுகிறேன். கஜபதிக்கு இதில் ஏதாவது பிடிக்கவில்லை என்றால் நேரில் வந்து சொல்லட்டும், வழக்கம்போல என்னைப் பேசவிடாமல்.

குவார்ட்டர்ஸ் வாழ்க்கை எனக்கு இன்றைக்கும் கனவில் வருகிறது. எங்கள் பிளாக்கில் சேலத்துக்காரர்கள், திருநெல்வேலிக்காரர்கள், தஞ்சாவூர்க்காரர்கள் என்று எல்லா ஊரும் இருந்தது. சாயங்காலம் சங்கு ஊதினால் சைக்கிள்கள் ஆற்றுத் தண்ணீர் மாதிரி கேட்டைத் தாண்டி வரும். ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு ஊர்க் குழம்பு கொதிக்கும். கஜபதி மட்டும் இந்தப் பக்கத்து ஆள், பட்டாபிராமில் பிறந்தவர். அதனால் ரேஷன் கார்டு எங்கே வாங்குவது, எந்தக் கடையில் கெரசின் கிடைக்கும் என்று எல்லாருக்கும் அவர்தான் வழிகாட்டி. நாங்கள் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுவார் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எங்களிடம் ஒரு பழக்கம் இருந்தது. ஊருக்குப் போகும்போது வீட்டுச் சாவியை எதிர்வீட்டில் ஒன்று, பின்வீட்டில் ஒன்று கொடுத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவோம். எதிர்வீட்டுக்காரர் திடீரென்று கிளம்பிவிட்டாலும் பின்வீட்டில் சாவி இருக்கும். எந்தச் சாவியை எடுத்தாலும் முழு வீடும் திறக்கும். ஒரு வீட்டில்கூட ஒரு டம்ளர் காணாமல் போனதில்லை. இந்தச் சாவிப் பழக்கம்தான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது. அதற்கு வருகிறேன்.

பொங்கலுக்குப் பொங்கல் குவார்ட்டர்ஸ் மைதானத்தில் நாடகம். எழுதுவது சேலத்துத் தங்கவேல், மெஷின் ஷாப்பில் டர்னர். அவரேதான் கதாநாயகன், அதில் யாருக்கும் ஓட்டுப்போடும் உரிமை கிடையாது. வசனத்தை நகல் எடுக்க அந்தக் காலத்தில் கார்பன் தாள்தானே. அதனால் நடிக்கிறவர்களுக்கு அவரவர் வருகிற காட்சிகளை மட்டும் எழுதிக் கொடுப்பார். முழு நாடகமும் ஒரே ஒருவரிடம்தான் இருக்கும்: கஜபதியிடம். பக்கத் திரைக்குப் பின்னால் கையில் டார்ச்சுடன் நின்றுகொண்டு, யாராவது திணறினால் வசனத்தை எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. ஒத்திகை முடிவதற்குள் தாளே தேவைப்படாது அவருக்கு. எல்லாருடைய வசனமும் தலைகீழாகத் தெரியும். அவர் ஒருநாளும் மேடையில் தெரிந்ததில்லை. அந்த வேலைக்காகவே பிறந்த ஆள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்வோம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு வருடம் மூன்றே பாத்திரம் கொண்ட நாடகம். தங்கவேல் கணவன், வேம்புலியம்மாள் மாமியார், அஞ்சலை மருமகள். அஞ்சலைக்கு அதுதான் முதல் நாடகம். நாடகம் முழுக்க மருமகள் வாயே திறக்கமாட்டாள், ஆமாம், இல்லை தவிர. கடைசிக் காட்சியில் கணவன் கத்துவான்: "வாயில்லையா உனக்கு? பேசத் தெரியாதா?" அதற்கு அவள் சொல்லும் பதில்தான் நாடகத்தின் உயிர்.

தங்கவேல் கத்தினார். அஞ்சலை பேசவில்லை. சபையே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது திரைக்குப் பின்னாலிருந்து, மைக்கில் கணீரென்று, ஒரு ஆண் குரல் கேட்டது:

"எனக்கும் பேசத் தெரியும்!"

மைதானமே சிரித்தது. குழந்தைகள் உருண்டு புரண்டு சிரித்தார்கள். அஞ்சலை உதட்டை அசைத்தது தெரிந்தது என்றும், ஏதோ சொன்னாள் என்றும் முன்வரிசைக்காரர்கள் சொன்னார்கள். ஒரு எழுத்தும் யாருக்கும் கேட்கவில்லை. திரையை இழுத்துவிட்டார்கள். நான் அப்போது பின்னால் வேம்புலியம்மாளின் நரை விக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். எதையும் பார்க்கவில்லை. அதனாலேயே இரண்டு தரப்புக்கும் நான் நடுநிலைச் சாட்சி ஆனேன், எதற்கும் உதவாத சாட்சி.

ஏனென்றால் அன்றிலிருந்து அந்த வீட்டில் வழக்கு நடக்கிறது. "வசனம் மறந்துட்டா, நான் காப்பாத்துனேன்" என்பது கஜபதியின் கட்சி. "நான் ஒண்ணும் மறக்கல. அங்க கொஞ்ச நேரம் நின்னுட்டுதான் சொல்லணும், இந்தாளு முந்திகினாரு" என்பது அஞ்சலையின் கட்சி. எழுதின தங்கவேல் இரண்டு பக்கமும் தலையாட்டினார். குவார்ட்டர்ஸ் கஜபதி பக்கம் சாய்ந்தது. தண்ணீர்க் குழாயடியில் யாராவது பேச்சை விட்டுவிட்டால் "இன்னாக்கா, அஞ்சலை மாறி நின்னுட்டே?" என்று கேட்கிற அளவுக்குப் போனது. மறுவருடம் தங்கவேல் வந்து கூப்பிட்டார். அஞ்சலை காப்பி கொடுத்து அனுப்பிவிட்டாள். அப்புறம் அவள் மேடை ஏறவே இல்லை.

அந்த நாடகத்தைச் சங்கத்தார் வீடியோ எடுத்திருந்தார்கள். ஒரே ஒரு கேசட். யாரும் போட்டுப் பார்க்காமல் சங்கத்து பீரோவில் வருடக்கணக்காகக் கிடந்தது. பழைய பிளாக்குகளை இடிக்கப்போவதாகப் பேச்சு வந்ததும் கஜபதி கிளம்பினார். வேப்பம்பட்டு, நசரத்பேட்டை என்று சிதறிப்போன குடும்பங்களிடம் எல்லாம் போய் ஆல்பம், கேசட் என்று மூட்டை மூட்டையாக வாங்கிவந்து, பூந்தமல்லியில் ஒரு கடையில் கொடுத்து கம்ப்யூட்டருக்கு மாற்றினார். அந்த வேலையில் அவர் காட்டிய பொறுமையை நான் அதற்கு முன்னால் அவரிடம் கண்டதில்லை. நாடகக் கேசட் பூஞ்சை பிடித்திருந்தது. ஒருமுறை ஓடி, பதிவாகி, அறுந்துபோனது.

அவர்கள் மாடியில் அப்போது நிஷா குடியிருந்தாள். அம்பத்தூரில் ஐடி கம்பெனி வேலை. தகவலைச் சேமித்து வைக்கிற பெட்டிகள்தான் அவள் துறை. அவளே ஒரு பெட்டி வாங்கி, மூன்று ஹார்ட் டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் அதில் ஏற்றிக் கொடுத்தாள்.

"மிரர் போட்டிருக்கேன் அங்கிள். எங்க பாஷையில ரெய்டு ஒன்னு. ஒரு டிஸ்க் போனாலும் கவலையில்லை."

கஜபதிக்கு மீதியைக் கேட்கப் பொறுமை ஏது? "புரிஞ்சுபோச்சு. கண்ணாடி. மூணுலயும் ஒரே படம். சரியா?" என்று முடித்துவிட்டார். நிஷா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். ஆபீஸ் வண்டி ஹாரன் அடித்தது. ஓடிவிட்டாள்.

அன்றே நாடகத்தைப் போட்டுப் பார்த்திருக்கலாம். அஞ்சலை ஒப்புக்கொள்ளவில்லை. "நாலு சுவத்துக்குள்ள பாத்து இன்னா பிரயோஜனம்? சிரிச்சவங்கல்லாம் உக்காந்து பாக்கணும். அவங்க முன்னாடி போடு" என்றாள். வழக்கைத் தீர்க்கும் சாட்சி கையில் கிடைத்தும், கோர்ட் கூடட்டும் என்று காத்திருந்த பெண் அவள். குவார்ட்டர்ஸ் குடும்பங்கள் எல்லாரும் கூடுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தார்கள். ஒருவருக்குக் கல்யாணம், ஒருவருக்கு ஆபரேஷன் என்று அது தள்ளித் தள்ளிப் போனது.

அதற்குள் நிஷா பூந்தமல்லிப் பக்கம் சொந்த ஃபிளாட் வாங்கிக்கொண்டு போய்விட்டாள். ஒரு மழைக்காலத்தில் எங்கள் தெருவில் தண்ணீர் முழங்கால் வரை வந்தது. பெட்டி மேல் அலமாரியில் இருந்ததால் தப்பித்தது. தண்ணீர் வடிந்ததும் கஜபதிக்கு ஞானோதயம்.

"எல்லாத்தையும் ஒரே ஊட்ல வெச்சுகினு கீறோமே, சாமு. தண்ணி இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தா?"

பழைய சாவிப் பழக்கம் தலைதூக்கியது. பெட்டியைத் திறந்து மூன்று டிஸ்க்கையும் உருவினார். ஒன்று நசரத்பேட்டையில் தங்கவேலுக்கு. ஒன்று வேப்பம்பட்டில் வேம்புலியம்மாளுக்கு. ஒன்று தன்னிடம். எந்தச் சாவியை எடுத்தாலும் முழு வீடும் திறக்கும் அல்லவா? நானும் பலே என்றேன். எங்கள் குவார்ட்டர்ஸில் யாரைக் கேட்டிருந்தாலும் பலே என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

தங்கவேல் சும்மா இருப்பாரா? பேரனுடைய கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே ஒன்றும் தெரியவில்லை. ஃபார்மேட் செய்யட்டுமா என்று கம்ப்யூட்டர் கேட்டது. கஜபதி அவசரத்தில் காலி டிஸ்க்கைக் கொடுத்துவிட்டான், முழுசு மற்ற இரண்டு பேரிடமும் இருக்கிறதே என்று நினைத்து, சரி என்று அழுத்திவிட்டு வாசல் கேமராவின் பதிவுகளை அதில் போட ஆரம்பித்துவிட்டார். இப்போது அதில் அவர் வீட்டு வாசலில் படுத்திருக்கும் நாய் மட்டும்தான் இருக்கிறது.

வேம்புலியம்மாள் கதை வேறு. ஃபேக்டரிக் குடும்பங்களுக்கு ஆயுத பூஜை என்றால் உயிர். ஸ்பானரிலிருந்து சைக்கிள் பம்ப் வரை கழுவித் துடைத்துப் பொட்டு வைக்காமல் விடமாட்டோம். பூஜையில் எல்லாக் கருவியும் இருக்கும்போது டிஸ்க் மட்டும் என்ன பாவம் செய்தது? ஈரத்துணியால் துடைத்து, பின்பக்கத்துப் பச்சை சர்க்யூட் அட்டை மேல் குழைத்த சந்தனத்தை அப்பி, குங்குமம் வைத்து, பூவும் சார்த்திவிட்டாள். அப்புறம் மாட்டிப் பார்த்தபோது டிஸ்க் 'டப்' என்றது. பயந்து கையை விட்டாள். மொசைக் தரை.

ஒரு வழியாகக் கூடும் நாள் முடிவானது. இந்த முறை தள்ளிப்போகாது என்று தெரிந்ததும் கஜபதி தன் டிஸ்க்கைப் பெட்டியில் போட்டார். பெட்டி சிவப்பு விளக்கைக் காட்டி முரண்டு பிடித்தது. நிஷாவுக்கு ஃபோன் போனது. அவள் வந்து உட்கார்ந்து, மற்ற இரண்டு டிஸ்க்கின் கதையையும் கேட்டு, தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அங்கிள், மூணுலயும் முழுசா இல்லை."

"மிரர்னு நீதானேம்மா சொன்னே? கண்ணாடில பாதி மூஞ்சியா தெரியும்?"

"பழைய முறையில மிரர்னா ஒவ்வொரு டிஸ்க்குலயும் முழுசா இருக்கும். அதையேதான் ரெய்டு ஒன்னுன்னும் சொல்லுவாங்க. இந்தப் பெட்டியில தகவலை அடுக்கி வைக்கிற ஃபைல் சிஸ்டம் அதே பேரை வேற வேலைக்கு வெச்சிருக்கு. எத்தனை டிஸ்க் போட்டாலும், ஒவ்வொரு துண்டுக்கும் ரெண்டு பிரதிதான். ஒரு துண்டு முதல் டிஸ்க்குலயும் ரெண்டாவதுலயும் இருக்கும். அடுத்த துண்டு ரெண்டாவதுலயும் மூணாவதுலயும். இப்படிப் பிரிச்சுப் பிரிச்சு வைக்கும். ஒரு டிஸ்க் போனா மிச்ச ரெண்டுலருந்து எல்லாம் கிடைச்சிடும். ரெண்டு போயிட்டா..."

"அந்த ரெண்டுல மட்டும் இருந்ததெல்லாம் பூடும்" என்று முடித்தார் கஜபதி. இந்த முறை சரியாகத்தான் முடித்தார். முகம் சுருங்கிப்போயிருந்தது. சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே அவரே சொன்னார்: "தங்கவேல் பார்ட் எய்திக் குடுத்த மாறி. புருசன் பொஞ்சாதி சீனு அவங்க ரெண்டு பேர் கையில இருக்கும். மாமியார் மருமவ சீனு இவங்க ரெண்டு பேர் கையில. ஒருத்தர் வரலேன்னா சமாளிக்கலாம். ரெண்டு பேர் வரலேன்னா, மிச்சம் கீற ஆளு இல்லாத சீனு யாருக்கும் தெரியாது."

"அதேதான் அங்கிள். இதைவிடத் தெளிவா எங்க ஆபீஸ்லயே யாரும் சொன்னதில்லை" என்றாள் நிஷா. அப்புறம் தன் துறையையே திட்டித் தீர்த்தாள். "பேரைச் சொல்லிட்டுப் போனது என் தப்பு. எங்க ஆளுங்களே இந்தப் பேரால ஏமாறுவாங்க. எத்தனை டிஸ்க், எத்தனை பிரதி, எத்தனை போனா தாங்கும், இதைத்தான் சொல்லியிருக்கணும். டிஸ்க் மூணு, பிரதி ரெண்டு, ஒண்ணு போனா தாங்கும். இவ்வளவுதான், முடிஞ்சுது. மிரராம், ரெய்டாம்!"

அஞ்சலை இவ்வளவு நேரமும் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். "நாடகம் கீதா, இல்லியா? அத்த மட்டும் சொல்லு" என்றாள்.

நிஷா டிஸ்க்கை வாங்கிப்போனாள். சில நாள் கழித்து, நாடகத்தில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது, நடுவில் அங்கங்கே இல்லை என்று செய்தி வந்தது. எது இல்லை என்று பார்க்கட்டுமா என்று கேட்டாள். "வாணாம். அங்கியே பாத்துக்கலாம்" என்றாள் அஞ்சலை. வீட்டுக்கு வந்து நான் சாமியிடம் வேண்டிக்கொண்டேன், ஒரு வீடியோ துண்டுக்காக.

வெள்ளானூர் சாலையில் ஒரு சின்ன மண்டபம். காலை டிபன் முடிந்து எல்லாரும் உட்கார்ந்தோம். குழாயடியில் கேலி பேசியவர்கள் முட்டிவலித் தைலம் மணக்க வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குழந்தைகளாக உருண்டு சிரித்தவர்கள் இப்போது தொப்பையும் கண்ணாடியுமாக வந்திருந்தார்கள். திரையில் படம் ஓட ஆரம்பித்ததும் மண்டபமே உருகியது. தண்ணீர்த் தொட்டி, வேப்பமரம், எங்கள் பிளாக்கின் மஞ்சள் சுவர். செத்துப்போனவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றார்கள். என் வீட்டுக்காரர் ஒரு ஓரத்தில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழுதேன், வெட்கப்படாமல் அழுதேன். நடுவில் அங்கங்கே திரை கறுத்தது. ஒவ்வொரு முறையும் அஞ்சலையின் கை என் கையை இறுக்கியது. மறுபடி படம் வந்தது.

கடைசிக் காட்சி. கறுப்புத் தலையும் முறுக்கு மீசையுமாகத் தங்கவேல் எழுந்து நின்றார். மஞ்சள் புடவையில் அஞ்சலை தலைகுனிந்து நின்றாள். எவ்வளவு சின்னப் பெண்! தங்கவேல் விரலை நீட்டினார். வாயைத் திறந்தார்.

திரை கறுத்தது. கொஞ்ச நேரம் கறுப்பாகவே ஓடியது. அப்புறம் நன்றியுரை வந்துவிட்டது.

நிஷா எழுந்துபோய் நிறுத்தினாள். "அய்யய்யோ, போச்சே" என்றார் பின்னால் ஒருவர். அஞ்சலை என் கையை விட்டாள். எழுந்தாள். வீட்டுக்குக் கிளம்புகிறாள் என்றுதான் நினைத்தேன். நேராக மேடைக்குப் போய், கறுத்த திரைக்கு முன்னால் நின்றாள்.

"தங்கவேலண்ணே, எயிந்து வா. உன் வசனத்த சொல்லு."

தங்கவேல் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறினார். விரலை நீட்டினார். வாயைத் திறந்தார். "வாயில்... வந்து..." என்று விழித்தார். எழுதினவருக்கே மறந்துபோயிருந்தது.

"வாயில்லையா உனக்கு, பேசத் தெரியாதா" என்று சுவரோரத்திலிருந்து குரல் வந்தது. கஜபதி. எப்போது எழுந்து அங்கே போய் நின்றார் என்று யாரும் கவனிக்கவில்லை.

"வாயில்லையா உனக்கு? பேசத் தெரியாதா?" என்று கத்தினார் தங்கவேல்.

அஞ்சலை மெதுவாக நிமிர்ந்தாள். பேசவில்லை. தங்கவேலைப் பார்த்தாள். அப்புறம் எங்களைப் பார்த்தாள், ஒவ்வொரு வரிசையாக. ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கே பதைப்பாக இருந்தது. நான் திரும்பி கஜபதியைப் பார்த்தேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. அவர் சொல்லவில்லை. அந்த மனிதர், வாழ்க்கையிலேயே முதல்முறையாக, சொல்லவில்லை.

"எனக்கும் பேசத் தெரியும்" என்றாள் அஞ்சலை. "கேட்க ஆள் இருக்கிறதா என்றுதான் இவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்."

அந்த இரண்டாவது வரியை, தாளில் பார்த்திருந்த கஜபதியையும் தங்கவேலையும் தவிர, நாங்கள் யாரும் அதுவரை கேட்டதே இல்லை. அன்றைக்கு எங்கள் சிரிப்பு அதை முழுங்கியிருந்தது. அந்த வரி இருப்பது தெரிந்திருந்தால் அந்த மௌனமும் வசனம்தான் என்று ஒரு குழந்தைக்குக்கூடப் புரிந்திருக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. முதலில் கை தட்டியது வேம்புலியம்மாள். அப்புறம் மண்டபமே தட்டியது.

நிஷா அதை முழுவதும் ஃபோனில் பதிவு செய்திருந்தாள். மறுநாளே மூன்று தனித்தனி டிஸ்க்கில் ஏற்றிக் கொண்டுவந்தாள். இந்த முறை பெயரே சொல்லவில்லை. ஒவ்வொன்றின் மேலும் தாள் ஒட்டி எழுதியிருந்தாள்: 'முழுசு. இது ஒன்றே போதும். ஃபார்மேட் செய்யாதே. பொட்டு வைக்காதே.'

கஜபதி வீட்டு டீவியில் அதைப் போட்டுப் பார்த்தோம். தங்கவேல் கத்தினார். திரையில் அஞ்சலை நின்றாள். ஃபேன் சத்தம் ஓடியது. வசனம் வருவதற்குள் அஞ்சலை ரிமோட்டை வாங்கி, மறுபடி பின்னால் ஓட்டி, அந்த மௌனத்தை மட்டும் இன்னொரு முறை பார்த்தாள். அப்புறம் கஜபதி பக்கம் திரும்பினாள்.

"இவ்ளோ நேரம்தான்யா" என்றாள். "இத்த உன்னால பொறுக்க முடில."

கஜபதிக்குப் பதில் வரவில்லை. எடுத்துக் கொடுக்க அங்கே ஆளும் இல்லை.